பெயர் மறைத்துச் சொன்ன ஒல்லாந்தர் கதை

இலண்டனின் ஹரோவில் எங்கள் பேரப்பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் தமிழ் படிக்கும் கட்டிடத்தின் பின்புறத்தில் ஒரு சிறிய மண்டபம் இருக்கிறது. பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு, அவர்கள் வெளியே வரும்வரை மழையிலும் குளிரிலும் நிற்க இயலாத முதியவர்கள் அதற்குள் ஒதுங்கினோம். ஒதுங்கியவர்கள் காலப்போக்கில் ஒரு சங்கமானோம். சங்கம் என்றானபின் அதற்கொரு செயலாளரும், தண்ணீர் கொதிக்கவைக்கும் ஒரு கேத்தலும், ஒரு விளையாட்டும் வந்து சேர்ந்தன.

விளையாட்டு இதுதான். மாதம் ஒருமுறை ஒருவர் எழுந்து, ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பிறப்பு முதல் இறப்பு வரை, பெயரை மட்டும் மறைத்துச் சொல்லவேண்டும். சில நாட்களுக்கு முன்பே மூன்று குறிப்புகளை எங்கள் வட்ஸ்அப் குழுவில் இடவேண்டும். பேச்சு முடிந்ததும் சபையோர் ஆள் யாரென்று கூறவேண்டும். முதலிற் சரியாகக் கூறியவருக்குச் செயலாளரின் மனைவி சுட்ட முறுக்கு ஒரு பை பரிசு. அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பெரிய மனிதர்கள் அந்த முறுக்குக்காக ஒருவர் வாயை ஒருவர் அடக்கிக் கூச்சலிட்டதை நான் கண்டிருக்கிறேன்.

என்னுடைய முறை வந்தபோது, இரண்டாம் உலகப்போரில் ஒல்லாந்து நாட்டை ஜேர்மானியர் பிடித்துவைத்திருந்த காலத்தில் அவர்களோடு சேர்ந்து நின்ற ஒரு கட்சித் தலைவனின் வாழ்க்கையைத் தேர்ந்தேன். என் மனைவி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நாயன்மார் அறுபத்துமூண்டு பேர் இருக்கினம். ஒருத்தரும் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?”

“அவையளை எல்லாருக்கும் தெரியும். முதல் வசனத்திலையே கண்டுபிடிச்சுப்போடுவினம்.”

“அப்ப ஒருத்தருக்கும் முறுக்கு இல்லையெண்டுறியள். பாவம் அந்த மனிசி. சுட்டதை நீங்களே வீட்டை கொண்டுவாருங்கோ.”

அந்தத் தலைவனை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இலண்டனுக்கு வருமுன் நான் பல ஆண்டுகள் ஒல்லாந்தில் அகதியாக இருந்தவன். முதற் குளிர்காலத்தில் எங்களை ஊருக்கு வெளியே ஒரு காட்டு வெளியில், கோடை விடுமுறைக்காரர் தங்கும் சிறு கொட்டில்களிற் குடியிருத்தினார்கள். அருகே நீண்டுயர்ந்த செங்கற் சுவரொன்று தனியாக நின்றது. அதன் பின்னே வீடுமில்லை, முன்னே வாசலுமில்லை. காற்றுக்கு மறைப்பாயிருந்ததால் நாங்கள் அதன் ஓரத்திற் கயிறு கட்டித் துணி காயப்போட்டோம். காவலாளியாயிருந்த கிழவர் ஒருநாள் எங்கள் உள்ளாடைகள் அச்சுவரில் ஆடுவதைக் கண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இந்தச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை” என்றார். பின்னர் சிரிப்பை நிறுத்தி, அச்சுவரின்மேல் நின்றுதான் அந்தத் தலைவன் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்துக் கையுயர்த்தினான் என்றும், தம்முடைய தமையனை அவனுடைய ஆட்களில் ஒருவனே ஜேர்மானியருக்குக் காட்டிக்கொடுத்தான் என்றும் சொன்னார். எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்ட நான் ஒல்லாந்த மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியது அந்தச் சுவரின் கதையை அறிவதற்காகவே.

ஆகவே நான் இட்ட குறிப்புகள் மூன்று. ஒன்று: இவர் தண்ணீர்த் துறையில் பெயர்பெற்ற பொறியியலாளர். இரண்டு: தம் மண்ணைப் பிடித்த அந்நியப் படையோடு சேர்ந்து நின்றவர். மூன்று: சொந்தச் சனத்தால் துரோகி எனப்பட்டவர். எழுத்துப்பிழை உண்டோவென இருமுறை பார்த்து, திருப்தியோடு அனுப்பினேன்.

இங்கே என் நண்பரைப்பற்றிக் கூறவேண்டும். அவர் என்னிலும் மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், எழுபது கடந்த என்னை அவர் தம்பி என்பார். காலையில் நாங்கள் இருவரும் பூங்காவைச் சுற்றி நடப்பது வழக்கம். மண்டபத்தில் எப்போதும் கடைசி வரிசையில், வெளிவாசலுக்கு அருகேயுள்ள கதிரையில் இருப்பார். விளையாட்டில் ஒருநாளும் விடை சொன்னதில்லை. எவராவது படம் எடுக்கக் கையடக்கத் தொலைபேசியைத் தூக்கினால், சப்பாத்துக் கயிறு கட்டுவதற்குக் குனிந்துவிடுவார். அவர் ஊரில் நீர் வழங்கற் பொறியியலாளராயிருந்தவர். அரச இராணுவமான ஆமி யாழ்ப்பாணப் பட்டினத்துக்குள் இருந்த காலத்தில், உடைந்த பம்பிகளையும் குழாய்களையும் திருத்தித் தண்ணீர் ஓடச்செய்தவர். அதன்பின் இயக்கத்திலிருந்து அவரைத் தேடிவந்தவர்கள், அவர் இல்லாத வீட்டில் அவருடைய தம்பியைக் கொண்டுபோனார்கள். தம்பியின் உடலை மின்கம்பத்தடியிற் கண்டபோது, அதன் கழுத்தில் ஒரு கடதாசி மட்டையிருந்தது. மட்டையில் ஒரு சொல் எழுதியிருந்தது. நான் என் மூன்றாம் குறிப்பில் எழுதிய அதே சொல்.

இவ்வளவையும் அவர் எனக்குச் சொல்லவில்லை. அவருடைய மனைவி என் மனைவியிடம் எப்போதோ சொல்லியிருந்தாள். குறிப்புகளை அனுப்பும்போது எனக்கு அவருடைய நினைவு வரவேயில்லை. என் நினைவெல்லாம் ஒல்லாந்துச் சுவரிலேயே இருந்தது.

குழுவில் விடைகள் வரத் தொடங்கின. முதலில் ஒருவர், “எங்கட ஆளோ?” என்று எழுதிச் சிரிக்கும் முகமொன்றைப் போட்டார். இன்னொருவர், “உயிரோட இருக்கிறவரையும் சொல்லலாமோ?” என்றார். மூன்றாமவர், “ஹரோவிலதான் எண்டு கேள்வி” என்றார். அதற்குக் கீழே பல சிரிப்பு முகங்கள். பிறகு ஒரு சிறிய சாம்பல்நிற வரி தோன்றியது. என் நண்பர் குழுவைவிட்டு விலகிவிட்டார் என்று அந்த வரி கூறியது. அதன்பின் எவரும் சிரிப்பு முகம் போடவில்லை.

அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. உடனே எழுதினேன்: “அன்பர்களே, நான் பேசப்போகிறவர் ஒல்லாந்தர். வேறு எவருமல்லர்.”

சிறிது நேரத்திற் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். மூச்சு வாங்கினார்.

“ஐயா, என்ன வேலை செய்துபோட்டியள்? ஒல்லாந்தர் எண்டு நாலாவது குறிப்பையும் ஏன் போட்டனியள்?”

“அது குறிப்பில்லை. உண்மை.”

“ஒல்லாந்தர் எண்டா எங்கட சனத்துக்கு என்ன ஞாபகம் வரும்? கோட்டை. கோட்டைக்குள்ளை ஆர் இருந்தது? ஆமி. கோட்டைக்குத் தண்ணி எடுத்துக் குடுத்த எஞ்சினியர் ஆர் எண்டு இப்ப உங்கை எல்லாரும் கேக்கினம்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். யாழ்ப்பாணக் கோட்டையைப் பெருப்பித்துக் கட்டியவர் ஒல்லாந்தர் என்பது எங்கள் பிள்ளைகளுக்குக்கூடப் பாடம். மறுப்பாக எழுதிய சொல்லே என் நண்பரின் நெற்றியிற் சுட்டுவிரலை வைத்துவிட்டது.

“அப்ப பேச்சை நிப்பாட்டுவம்” என்றேன்.

“நிப்பாட்டினா, ஐயாவை ஆரோ வெருட்டிப்போட்டினம் எண்டுதான் கதை வரும். ஆர் வெருட்டினது? அவர்தான். பிறகு அந்தாள் கடை தெருவுக்கும் போகேலாது, கோயிலுக்கும் போகேலாது.”

மறுநாள் பிற்பகலில் இலக்கம் தெரியாத ஓர் அழைப்பு வந்தது. பணிவான, இளமையான குரல்.

“ஐயா, உங்களோட கொஞ்சம் கதைக்கலாமோ? நல்ல காரியம் செய்யிறியள். இப்பிடித் துணிஞ்சு பேச ஆள் இல்லை.”

“நீங்கள் ஆர், தம்பி?”

“நான் ஆரெண்டது முக்கியமில்லை. அந்தாளின்ர விலாசம் உங்களிட்டை இருக்கும். நீங்கள் விடியக்காலமை ஒண்டா நடக்கிறனீங்கள்தானே?”

“அந்தாள் செத்து எழுபது வரியத்துக்கு மேல.”

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பென்று சொல்லமுடியாது. பெரியவர் பகிடி விட்டால் மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு. “சரி ஐயா. சனிக்கிழமை நாங்களும் வாறம்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தான். நாங்கள் ஒன்றாக நடப்பதை அவன் எங்கிருந்து கண்டான் என்று எண்ணி எண்ணி அன்று முழுவதும் நான் யன்னலோரம் போகவில்லை. ஊரிற் போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகளாயிற்று, இது இலண்டன், இங்கே பொலிசார் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆயினும் அன்றிரவு வாசற்கதவின் பூட்டை இருமுறை பார்த்தேன்.

நண்பரின் வீட்டுக்குப் போனேன். பட்டப்பகலில் யன்னற் சீலைகள் இழுத்து மூடியிருந்தன. வழக்கமாக வாசலில் நிற்கும் கார் அங்கே இல்லை. மணியை அழுத்தியபின் நெடுநேரம் உள்ளே ஓசையில்லை. பிறகு கதவு சங்கிலியோடு சிறிதளவு திறந்தது. அவருடைய மனைவியின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

“தனியவோ வந்தனீங்கள்?”

“தனியத்தான் அக்கா.”

“பின்னாலை ஒருத்தரும் வரேல்லையே?”

நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். பார்த்ததே எனக்கு அவமானமாயிருந்தது, ஆயினும் பார்த்தேன்.

நண்பர் குசினியில், சமையல் மேசையடியில் அமர்ந்திருந்தார். முன்னால் இருந்த தேநீர் ஆடைகட்டிக் கிடந்தது. அவர் என்னைக் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

“தம்பி, கோட்டையையும் சொல்லிப்போட்டீராம்.”

“அண்ணை, நான் கோட்டையைச் சொல்லேல்லை. சத்தியமா அது வேற ஆள். ஒல்லாந்துக்காரன். வெள்ளைக்காரன்.”

“வெள்ளைக்காரனோ?” அவருடைய மனைவி அடுப்படியில் இருந்தவாறே கேட்டாள். “வெள்ளைக்காரன் ஒருத்தன் செய்ததுக்கு நாங்கள் ஏன் காரை ஸ்ட்ரெதத்தில மகள் வீட்டடியில கொண்டுபோய் விட்டனாங்கள்?”

நண்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அவள் சிரிக்கவில்லை. அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: “நான் தண்ணி குடுத்தனான். ஆமிக்கும் போனது, ஆசுப்பத்திரிக்கும் போனது, சனத்துக்கும் போனது. எல்லாம் ஒரே குழாய். அதை வெட்டிப் பிரிக்க ஆராலும் ஏலாது.” இதை அவர் முன்பே பலருக்குப் பலமுறை மனத்துக்குள் விளக்கியிருப்பார் என்று தோன்றியது.

“பேச்சை விடட்டோ அண்ணை?”

“விட்டா நான்தான் எண்டு ஆகிப்போடும். பேசும். நானும் வாறன். வராட்டியும் நான்தான் எண்டு ஆகிப்போடும்.”

“நீங்கள் போகேலாது” என்றாள் மனைவி.

“நீயும் வா.”

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கேத்தல் மூன்றாம் முறை கொதித்தது. வழக்கமாக வராத முகங்கள் பல. பின்சுவரோரம், சூடாக்கியின் அருகே, கதிரை இருந்தும் இருக்காமல் சில ஆண்கள் நின்றார்கள். நண்பர் மனைவியோடு வந்தார். அவருடைய வழமையான கதிரையின் பின்னே அந்த ஆண்கள் நின்றதால், அவர் ஒரு கணம் தயங்கி, நடந்து வந்து முன்வரிசையில் என் கண்ணுக்கு நேரே அமர்ந்தார். மண்டபத்தில் உரையாடல் நின்றுவிட்டது. முறுக்குப் பை மேசைமேல் இருந்தது.

நான் இரவுபகலாக ஆயத்தப்படுத்தியிருந்த தொடக்கத்தை விட்டுவிட்டேன். எங்கள் விளையாட்டின் ஒரே விதியை உடைத்து, முதற் சொல்லிலேயே அந்த ஒல்லாந்துத் தலைவனின் முழுப்பெயரையும் சொன்னேன். அவனுடைய படத்தைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதைத் தூக்கிக் காட்டினேன். கொழுத்த கழுத்தும் கறுப்புச் சட்டையுமாய் ஒரு வெள்ளைக்காரன். சபையில் ஏமாற்றத்தின் ஒலி எழுந்தது. “அப்ப முறுக்கு?” என்று ஒருவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். சிலர் சிரித்தார்கள். பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை.

நான் அவனுடைய வாழ்க்கையைச் சொன்னேன். ஆசிரியரின் மகனாய்ப் பிறந்து, நீர்ப் பொறியியல் கற்று, இளவயதிலேயே ஒரு மாகாணத்தின் கால்வாய்களுக்கும் பாலங்களுக்கும் பொறுப்பானவன். நாட்டின் நீர்வழியை அயல்நாட்டுக்கு விட்டுக்கொடுக்கும் ஓர் ஒப்பந்தத்தை எதிர்த்துப் புகழ்பெற்றவன். தன் தாயின் தங்கையை, தன்னிலும் மிக மூத்தவளை, அரச அனுமதி பெற்று மணந்தவன். இதைச் சொன்னபோது பெண்கள் பக்கத்தில், “சின்னம்மாவையோ! சீச்சீ!” என்று ஒரு குரல் எழுந்தது. பிறகு அவன் கட்சி கட்டினான், சீருடை தைத்தான், ஆதரவாளர் தந்த பணத்தில் ஒரு சுவர் எழுப்பி அதன்மேல் ஏறினான். ஜேர்மானியர் வந்தபோது நாட்டைத் தன் கையில் தருவார்கள் என்று காத்திருந்தான். அவர்கள் ஒரு பட்டத்தை மட்டும் கொடுத்து அதிகாரத்தைத் தாமே வைத்துக்கொண்டார்கள். அவனுடைய ஆட்கள் அயல்வீட்டாரைக் காட்டிக்கொடுத்தார்கள். யூதக் குடும்பங்கள் புகையிரதங்களில் ஏற்றப்பட்டபோது, அவன் தன் பட்டத்தோடு மேசைமுன் இருந்தான்.

இவ்விடத்தில் கையிலிருந்த படத்தை மேசையில் வைத்தேன். இவன் வேறு, என் நண்பர் வேறு என்று சபைக்குச் சொல்ல விரும்பினேன். அந்த வேறுபாட்டைச் சொல்லவேண்டுமானால் இருவரையும் ஒரே வசனத்தில் நிறுத்தவேண்டும். நிறுத்தினால் நானே அவரைக் காட்டிக்கொடுத்தவனாவேன். ஆகவே சொல்லாமல் விழுங்கினேன். அவர் அசையாமல் இருந்தார். அவருடைய மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

போர் முடிந்தபின் விசாரணை நடந்ததையும், ஜேர்மானியர் எதிர்ப்பாளர்களைச் சுட்ட அதே மணல்மேட்டில் அவன் சுடப்பட்டதையும் சொல்லி முடித்தேன். கைதட்டல் பட்டும் படாமலும் இருந்தது. செயலாளர் பழக்கத்தின்படி எழுந்து, “ஆள் ஆர் எண்டு…” என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, “கேள்வி ஏதும்?” என்று மாற்றினார். எவரும் கேட்கவில்லை. முறுக்கை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அதை முன்வரிசையில் மிக அருகே இருந்தவரின் கையிற் கொடுத்துவிட்டார். அது என் நண்பர். மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பரிசு அவருடைய மடியில் இருந்தது. செயலாளரின் முகம் அப்போதுதான் வெளிறியது.

வெளியே வருகையில் பின்னால் நின்றவர்களில் ஒருவன் கதவைப் பிடித்துத் திறந்து வைத்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும்; துப்புரவான உடுப்பு; நெற்றியில் திருநீறு.

“நல்லாப் பேசினீங்கள், ஐயா” என்றான். தொலைபேசிக் குரல் அதுவே. “அடுத்தமுறை எங்கட ஆக்களைப் பற்றியும் பேசுங்கோ.” என் நண்பரும் மனைவியும் கடந்துபோகும்வரை அவன் கதவை விடவில்லை. அவரை, நல்ல பிள்ளையொன்று பெரியவரைப் பார்ப்பதுபோலப் பார்த்து, தலையை மெல்லச் சாய்த்தான்.

பேரப்பிள்ளைகளை அன்று அவர்களுடைய பெற்றோரே கூட்டிச்சென்றிருந்தார்கள். நண்பரின் வீடு அங்கிருந்து நடக்கும் தூரம். ஆயினும் எங்களில் எவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பேசிக்கொள்ளாமலே மூவரும் புகையிரத நிலையத்துக்கு நடந்தோம். முதலில் வந்த மெற்றோபொலிற்றன் வண்டியில் ஏறினோம். அது வீட்டுக்கு எதிர்த்திசையில் ஓடியது. வண்டியில் ஆட்கள் குறைவு. அவருடைய மனைவி ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும்போது ஏறுபவர்களின் சப்பாத்தைப் பார்த்தாள். முறுக்குப் பை இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

“தம்பி” என்றார் நண்பர். “அந்தாள் ஓடித் தப்பப் பாக்கேல்லையோ?”

“இல்லை அண்ணை. தன்ர அலுவலகத்திலையே இருந்தவர். வந்து பிடிச்சவை.”

“ஏன் ஓடேல்லை?”

“தான் பிழை ஒண்டும் செய்யேல்லை எண்டு கடைசிவரைக்கும் நம்பினவர்.”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரே மாதிரியான வீடுகளின் பின்முற்றங்களும், நனைந்த துணிகளும், பிள்ளைகளின் ஊஞ்சல்களும் ஓடி மறைந்தன.

“நான் ஓடினனான்” என்றார்.

அவருடைய மனைவி அவர் கையிலிருந்த பையை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, ஒரு முறுக்கை எடுத்து எனக்குத் தந்தாள். மறுக்க மனமில்லாமல் வாங்கிக் கடித்தேன். அமைதியான அந்தப் பெட்டியில் அது உடைந்த சத்தத்துக்கு மூவரும் திடுக்கிட்டோம்.

“அடுத்ததில இறங்குவம்” என்றாள் அவள். “இறங்கி மற்றப் பக்கம் நிப்பம்.”

இறங்கினோம். எங்களோடு வேறு எவராவது இறங்குகிறார்களா என்று வண்டி புறப்படும்வரை பார்த்து நின்றோம். பிறகு படியேறிக் கடந்து, வீடு திரும்பும் வண்டிக்காக எதிர்மேடையில், தூணின் மறைவில் நின்றோம்.